கண்டன்சர் மீது பொய் வழக்கு!



ஆண்டு மலரில் கவிதை எழுதலாம். காதல் எழுதலாம். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி நாலு பக்கம் கூட எழுதலாம். நான் எழுத வந்திருப்பதோ கண்டன்சரைப் பற்றி! "லேப்லதான் இது உயிரை வாங்குது, மலர்லயுமா?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது பாடம் இல்லை. நான் செய்த ஒரு தப்பின் கதை. அந்தத் தப்பை நம்மில் பாதிப்பேர் செய்துகொண்டிருக்கிறோம், இனிமேலும் செய்யப் போகிறோம் என்பதால் எழுதுகிறேன். (புத்தகத்தில் கெபாசிட்டர் என்றுதான் போட்டிருக்கும். கடைத்தெருவில் அது இன்றைக்கும் கண்டன்சர்தான். நானும் அப்படியே சொல்கிறேன்.)

அந்தக் கொடை ராத்திரி...

இரண்டாம் வருஷ லீவில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் கைத்தொழில் பழக உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் கடை அண்ணன் வெளியூர் போயிருந்த சமயம், மைக்செட் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருத்தர் தன் ஆம்ப்ளிஃபயரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பதினைந்து வருஷப் பழசு. "தம்பி, ம்ம்ம்னு ஒரே இரைச்சலா கேக்கு. வால்யூமக் கூட்டினா அதுவும் சேந்து கூடுது. அடுத்த வாரம் அம்மன் கோயில் கொடை. வில்லுப்பாட்டு இருக்கு. நீ டிப்ளமா படிக்கிற பிள்ளைல்லா, பாத்துக் குடு" என்றார்.

டிப்ளமா படிக்கிற பிள்ளை! அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலை கால் புரியவில்லை. 'ஹம் வந்தால் கண்டன்சர்' என்று எங்கேயோ படித்தது ஞாபகம் இருந்தது. மூடியைத் திறந்தேன். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் மொத்தம் 23 இருந்தது. எது கெட்டது என்று தேடவே இல்லை. 'எல்லாமே பழசு, எல்லாத்தையும் மாத்திட்டா தீந்தது' என்று 23-ஐயும் பிடுங்கிப் போட்டுப் புதுசு மாட்டினேன். மெயின் ஃபில்டர் 4700 மைக்ரோபாரட், 63 வோல்ட். கடையில் 63 வோல்ட் கிடைக்கவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன், சப்ளை 48 வோல்ட்தான் இருந்தது. "50 வோல்ட் போதும்" என்று நானே தீர்ப்பு எழுதி அதையே போட்டேன்.

போட்டதும் ஹம் போச்சு! அரைமணி நேரம் பாட்டு ஓடியது. அண்ணாச்சி சந்தோஷமாக 900 ரூபாய் கொடுத்தார். நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

கொடை அன்று சாமக்கொடை நேரம். ஊர்ச்சனம் முழுக்கக் கோயில் முன்னால் உட்கார்ந்திருக்க, வில்லுப்பாட்டு உச்சத்தில் இருக்கிறது. 'டப்'பென்று ஒரு சத்தம்! ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெள்ளைப் புகை. மைக் செத்தது. ராத்திரி லோடு குறைந்ததும் கரண்ட் 250 வோல்ட்டைத் தொட்டிருக்கிறது. 230-க்கு 48 வோல்ட் என்றால் 250-க்கு 52 வோல்ட்! மேலே உள்ளே சூடு வேறு. 50 வோல்ட் கண்டன்சர் எத்தனை மணி நேரம் தாங்கும்? வெடித்துவிட்டது. அண்ணாச்சிக்கு அன்றைக்குப் பாதி வாடகைதான் கிடைத்தது. பேச்சு முழுதாகக் கிடைத்தது.

மறுநாள் கடை அண்ணன் என்னைத் திட்டவில்லை. நான் பிடுங்கிப் போட்ட பழைய கண்டன்சர்களைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்தார். நல்லது... நல்லது... நல்லது... இருபத்திரண்டு நல்லது! ஒரே ஒரு 100 மைக்ரோபாரட் மட்டும் 6 மைக்ரோபாரட் காட்டியது.

"இருபத்திரெண்டு பேரு மேல பொய்க்கேசு போட்டுருக்கியலே!" என்றார்.

அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு.

இரண்டே கேள்வி

பிறகு அண்ணன் என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். "வால்யூமை ஜீரோவுல வச்சா ஹம் நின்னுச்சா? மைக் வயரைக் கழட்டிப் பாத்தியா?"

நான் இரண்டும் செய்யவில்லை. செய்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும். எப்படி என்று பாருங்கள்.

வால்யூம் ஜீரோவில் வைத்தும் ஹம் அப்படியே இருந்தால், அது வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால் நுழைகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மெயின் ஃபில்டர் பக்கம். வால்யூமைக் கூட்டக் கூட்ட ஹம்மும் கூடினால், அது வால்யூமுக்கு முன்னாலேயே நுழைந்துவிட்டது. அதாவது மைக் வயர், எர்த், அல்லது ப்ரீ ஆம்ப்ளிஃபயர். மைக்கைக் கழற்றியும் ஹம் இருந்தால் வயர் நிரபராதி. மிச்சம் இருப்பது ப்ரீ ஆம்ப்புக்குச் சப்ளை கொடுக்கிற இடத்தில் உள்ள டீகப்ளிங் கண்டன்சர். அதுதான் அந்த 100 மைக்ரோபாரட்! அண்ணாச்சி கடைக்குள் நுழைந்ததுமே பாதி விடையைச் சொல்லியிருக்கிறார்: "வால்யூமக் கூட்டினா அதுவும் சேந்து கூடுது." கேட்க எனக்குத்தான் காது இல்லை.

ஹம்மின் சுருதி கூட ஒரு சாட்சி. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். நாலு டையோடு பிரிட்ஜ் வழியாக வந்தால் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். ஷீல்டு விட்டுப்போன வயர் இழுத்துக்கொண்டு வருவது 50 ஹெர்ட்ஸ். முதலாவது ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். நாதஸ்வரமும் வில்லுப்பாட்டும் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாதா என்ன!

ஒருத்தர் மட்டும் ஏன் செத்தார்?

இருபத்திமூன்றில் ஒன்று மட்டும் ஏன் கெட்டது? அண்ணன் போர்டைத் திருப்பிக் காட்டினார். அந்த 100 மைக்ரோபாரட்டுக்கு ஒட்டினாற்போல ஒரு பெரிய வயர்வூண்ட் ரெசிஸ்டர். தொட்டால் கை சுடும். பதினைந்து வருஷமாகப் பக்கத்து வீட்டு அடுப்பில் வெந்திருக்கிறது பாவம்.

எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் இருப்பது இரண்டு அலுமினியத் தகடு. ஒன்றின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம். நடுவே எலக்ட்ரோலைட் என்கிற திரவத்தில் ஊறிய காகிதம். அந்தத் திரவம்தான் அதன் உயிர். சூடு பட்டால் ரப்பர் மூடி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. ஈரம் காயக் காயக் கொள்ளளவு குறைகிறது. உள்ளே தொடராக ஒளிந்திருக்கிற ரெசிஸ்டன்ஸ் (இதைத்தான் ஈ.எஸ்.ஆர். என்கிறோம்) கூடுகிறது.

கம்பெனிக்காரர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு. 85 டிகிரிக்கு 2,000 மணி நேரம் என்று போட்ட கண்டன்சரை எடுத்துக்கொள்வோம். 75 டிகிரியில் இருந்தால் 4,000 மணி. 45 டிகிரியில் இருந்தால் 32,000 மணி. ஒரே போர்டு, ஒரே கம்பெனி, ஒரே நாளில் பிறந்தவை. ஆனால் இடத்தைப் பொறுத்து ஆயுளில் எட்டு மடங்கு வித்தியாசம்! 'பழசானால் எல்லாம் ஒன்றாகக் கெடும்' என்ற என் நினைப்பு எவ்வளவு தப்பு என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். நான் எல்லாவற்றையும் மாற்றியபோது அந்தப் புது 100 மைக்ரோபாரட்டும் அதே அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தது. நோய் தீர்ந்தது, காரணம் தீரவில்லை. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? 105 டிகிரி கண்டன்சர் ஒன்றை எடுத்து, ரெசிஸ்டரை போர்டிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைத்து, கண்டன்சரைத் தள்ளி நிறுத்தினார். அதுதான் ரிப்பேர். நான் செய்தது வெறும் மாற்றல்.

சாட்சிகளை விசாரிப்போம்

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? எனக்குக் கடையில் கிடைத்த பாடத்தை அப்படியே தருகிறேன்.

முதலில் கண். தலை உப்பியிருக்கிறதா? அடியில் பிசின் மாதிரி கசிந்திருக்கிறதா? சுற்றிலும் செம்புத் தடம் பச்சை பூத்திருக்கிறதா? ஒரு எச்சரிக்கை: அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பது எல்லாம் கசிவு இல்லை. ஆடாமல் இருக்க கம்பெனியிலேயே வைத்த பசையாகவும் இருக்கலாம். உப்பாத கண்டன்சர் எல்லாம் நல்லதும் இல்லை. என் 100 மைக்ரோபாரட் பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது!

அடுத்து காது. பேஸ் போய் ஒலி மெலிந்து கேட்டால் கப்ளிங் கண்டன்சரைச் சந்தேகப்படலாம். ஸ்பீக்கருக்குத் தொடராக 2200 மைக்ரோபாரட் போட்ட செட்டில், 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 9 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதே கண்டன்சர் காய்ந்து 100 மைக்ரோபாரட் ஆகிவிட்டால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கும். தவில் சத்தம் தகர டப்பா சத்தமாகிவிடும்! ஒலி சுத்தமாக இருந்தும் மொத்தத்தில் பலம் குறைந்தால் எமிட்டர் பைபாஸ் கண்டன்சர் ஓப்பன் ஆகியிருக்கலாம். 'டுப் டுப் டுப்' என்று மோட்டார் படகு போவது மாதிரி கேட்டால் டீகப்ளிங்கைப் பாருங்கள். வால்யூமைத் திருகும்போது கரகரவென்றால் எல்லோரும் கண்ட்ரோலில் தூசி என்பார்கள். பல நேரம் தூசிதான். ஆனால் சுத்தம் செய்தும் போகவில்லையென்றால், முன்னால் இருக்கிற கப்ளிங் கண்டன்சர் லீக் ஆகி டி.சி. வால்யூம் கண்ட்ரோலுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.

அப்புறம்தான் மீட்டர். ஃபில்டர் மேல் சந்தேகமா? அதன் இரண்டு காலுக்கும் குறுக்கே ஏ.சி. ரேஞ்சில் ரிப்பிள் பாருங்கள். எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு ஆம்பியர் கரண்ட், பத்து மில்லி செகண்ட் இடைவெளி, 4700 மைக்ரோபாரட் என்றால் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே அதிகபட்சம் இரண்டு வோல்ட் சொச்சம். அதே இடத்தில் 1000 மைக்ரோபாரட்தான் மிச்சம் என்றால் பத்து வோல்ட்! இரண்டாம் வருஷத்தில் பவர் சப்ளை பாடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்தக் கணக்குதான் இது. பரீட்சைக்கு மட்டும் என்றா நினைத்தோம்?

லீக் பார்க்க, கப்ளிங் கண்டன்சரின் அந்தப்பக்கத்துக் காலை மட்டும் தூக்கிவிட்டு, தூக்கிய காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே டி.சி. பாருங்கள். முதலில் ஒரு துள்ளு துள்ளி ஜீரோவுக்கு வந்துவிட வேண்டும். வோல்ட் நின்றுகொண்டே இருந்தால் அவர் குற்றவாளி. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் இந்த ஒரு லீக்தான் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் பாசிட்டிவ் வோல்ட்டேஜ் கொடுத்து, வால்வையே சிவக்கச் செய்து கொன்றுவிடும்.

பொய்ச் சாட்சியும் உண்டு

மீட்டரும் பொய் சொல்லும் நண்பர்களே! போர்டில் இருக்கும்போதே அளந்தால் பக்கத்து ரெசிஸ்டர், டிரான்ஸ்பார்மர் எல்லாம் சேர்ந்து வாக்குமூலம் கொடுக்கும். சந்தேகம் வந்தால் ஒரு காலைத் தூக்கித்தான் அளக்க வேண்டும். ஈ.எஸ்.ஆர். மீட்டர் அருமையான கருவி. ஆனால் முழுக்க ஷார்ட் ஆன கண்டன்சரைக் கூட 'ரெசிஸ்டன்ஸ் குறைவு, நல்லது' என்று சொல்லிவிடும். சாதாரண மல்டிமீட்டர் ஒன்றிரண்டு வோல்ட்டில் அளக்கும். 48 வோல்ட்டில் லீக் ஆவது அதற்குத் தெரியாது. இன்னொன்று: எலக்ட்ரோலிட்டிக்குக்கு 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம். 4700 போட்ட இடத்தில் 4200 காட்டினால் பதற வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, கண்டன்சர் போலவே நடிக்கிற வேறு திருடர்கள் உண்டு. பிரிட்ஜில் ஒரு டையோடு ஓப்பன் ஆனாலும் ஹம் வரும். அப்போது ரிப்பிள் 100-லிருந்து 50 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஃபில்டரின் காலில் டிரை சால்டர் இருந்தாலும் ஹம் வரும். புதுக் கண்டன்சர் போட்டதும் சரியாகிவிடும், ஏனென்றால் புதிதாக ஈயம் வைத்தோம்! நாமோ பழைய கண்டன்சர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுவோம்.

உயிரும் முக்கியம்!

இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 4700 மைக்ரோபாரட்டில் 48 வோல்ட் என்றால் உள்ளே சுமார் 5.4 ஜூல் சக்தி நிற்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் நிற்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'டப்'பென்று ஷார்ட் செய்வது வீரம் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் நுனி உருகும், பொறி கண்ணில் படும், கண்டன்சரும் அடிபடும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு காலுக்கும் அரை நிமிஷம் வைத்து, பிறகு மீட்டரில் ஜீரோ பார்த்துக் கை வையுங்கள். வால்வு செட் என்றால் 250, 300 வோல்ட் நிற்கும். அங்கே அளவு சின்னதாக இருந்தாலும் அடி பெரிசு. அதற்கு அந்த வோல்ட்டேஜைத் தாங்குகிற பெரிய ரெசிஸ்டராக எடுத்து இன்னும் கூடுதல் நேரம் வையுங்கள். தனியாக இருக்கும்போது வால்வு செட்டைத் திறக்காதீர்கள்.

மாற்றும்போது வோல்ட்டேஜ் பழையதற்குச் சமம் அல்லது கூட. குறைவு கூடவே கூடாது (என் கதை ஞாபகம் இருக்கட்டும்). டிகிரி 105 ஆக இருப்பது நல்லது. பிளஸ் மைனஸை இரண்டு தடவை பாருங்கள். மெயின்ஸ் கரண்டுக்குக் குறுக்கே இருக்கிற கண்டன்சருக்கு எக்ஸ் 2 வகைதான் போட வேண்டும். கைக்குக் கிடைத்த 400 வோல்ட் பாலியஸ்டரைப் போடுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது சீரியஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். அதற்குப் பழைய இழை பல்புதான் வேண்டும், எல்.இ.டி. பல்பு உதவாது.

மொத்தமாக மாற்றுவது தப்பே இல்லையா?

"நீ சொல்றதெல்லாம் சரிப்பா, கண்டன்சர் விலை ரெண்டு ரூபா அஞ்சு ரூபா. அளந்துகிட்டே இருந்தா கடை ஓடுமா? எல்லாத்தையும் மாத்திட்டுப் போகவேண்டியதுதானே?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். வீடியோக்களிலும் இதையே பார்க்கிறோம். நியாயமான கேள்விதான்.

மொத்தமாக மாற்ற வேண்டிய இடமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் வந்த சி.டி. பிளேயர், வீடியோ கேமராக்களில் போர்டின் மேலேயே ஒட்டிய சின்ன அலுமினியக் கண்டன்சர்கள் பல, வரிசையாகக் கசிந்தன. அயர்னை வைத்தால் மீன் வாடை அடிக்கும். அங்கே ஒன்று கசிந்தால் மற்றதும் கசியும், போர்டையும் அரிக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தடத்தைக் கழுவுவதே முறை. 2000-களின் தொடக்கத்தில் தவறான எலக்ட்ரோலைட் ஊற்றிய கண்டன்சர்கள் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில் உப்பி வெடித்தன. அங்கேயும் அப்படித்தான். பழைய வால்வு செட்டின் மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சரையும் நம்ப முடியாது.

ஆனால் கவனியுங்கள். அங்கே எல்லாம் 'இந்த வகை மொத்தமும் கெடும்' என்று தெரிந்து மாற்றுகிறோம். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். தெரியாமல் மாற்றுவது வேறு. 23 கண்டன்சர் மாற்ற 46 இடத்தில் அயர்ன் வைக்கிறோம். பழைய போர்டில் தடம் பிய்ந்துவர 46 வாய்ப்பு. பிளஸ் மைனஸ் மாற 23 வாய்ப்பு. போலிச் சரக்கு உள்ளே நுழைய 23 வாய்ப்பு. விலை ஐந்து ரூபாய்தான், ஆபத்து ஐந்து ரூபாய் இல்லை!

பணத்தையும் சொல்ல வேண்டும். அண்ணாச்சியிடம் நான் வாங்கியது 900 ரூபாய். கெட்டது ஒரு சின்னக் கண்டன்சர். என் அறியாமைக்கு அவர் கட்டணம் கட்டியிருக்கிறார். அவருக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் செய்தால் அதற்கு வேறு பெயர் உண்டு.

நம் லேபில் என்ன நடக்கிறது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷம் படிக்கிறோம். லேபில் நம் கையில் கொடுக்கப்படுவது எல்லாம் நல்ல பார்ட்ஸ்! நல்ல கண்டன்சரை அளந்து, நல்ல ரீடிங் எடுத்து, ரெக்கார்டு நோட்டில் நல்ல கிராஃப் போடுகிறோம். சீனியர் நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதுவதும் நடக்கிறது, இல்லை என்று சொல்ல முடியுமா? ஒரு கெட்ட கண்டன்சரைக் கண்ணால் பார்க்காமலே டிப்ளமா வாங்கிவிடலாம். வெளியே போனதும் உலகம் நம் கையில் கொடுப்பது எல்லாம் கெட்டது மட்டுமே!

இது ஆசிரியர்கள் மேல் குறை சொல்வதற்காக இல்லை. சிலபஸ் அப்படி. ஆனால் நாமாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் யூனியன் மூலம் ஒவ்வொரு துறையிலும் ஒரு 'பழுதுப் பெட்டி' வைப்போம். சர்வீஸ் கடைகளில் குப்பைக்குப் போகிற காய்ந்த கண்டன்சர், லீக் ஆன கண்டன்சர், உப்பியது, ஷார்ட் ஆனது எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் சேர்ப்போம். நல்லதும் கெட்டதும் கலந்து எண் போட்டு வைப்போம். வாரம் ஒரு மணி நேரம் ஜூனியர்கள் அளந்து எது எது கெட்டது, ஏன் என்று எழுதட்டும். ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை வாங்கி, சீனியர்கள் வேண்டுமென்றே ஒரே ஒரு கெட்ட கண்டன்சரை அதில் மாட்டி வைக்கட்டும். கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு டீ! லேபுக்கு ஒரு ஈ.எஸ்.ஆர். மீட்டர் வாங்க யூனியன் கோரிக்கை வைக்கட்டும். ஆண்டு விழா மேடை அலங்காரச் செலவில் ஒரு பங்கு போதும்.

நாடும் இந்தப் பக்கம்தான் திரும்புகிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் இணையதளம் தொடங்கியது. மின் கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தூக்கிப் போடுவதைக் குறைக்க வேண்டும் என்று சட்டமே பேசும்போது, தூக்கிப் போட வேண்டியது எது, காப்பாற்ற வேண்டியது எது என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டாமா? அந்த ஆள் நாம்தான்!

கண்டன்சரின் அளவுக்கு 'பாரட்' என்று பெயர் வரக் காரணமான மைக்கேல் பாரடே யார்? பதினான்கு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகப் போன பையன். 1813-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளாகச் சேர்ந்தார். இரண்டு தகட்டுக்கு நடுவே என்ன பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்து மின்னூட்டம் கூடும் குறையும் என்று 1830-களில் அளந்து காட்டினார். பட்டம் இல்லை, பெரிய கல்லூரி இல்லை. அளந்து பார்க்காமல் நம்புவதில்லை என்ற குணம் இருந்தது. டிப்ளமாக்காரர்கள் என்று நம்மை யாராவது இளக்காரமாகப் பார்த்தால் இந்தப் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அண்ணாச்சி கதை. வாங்கிய 900 ரூபாயைக் கொண்டுபோய் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கண்டன்சர் விலையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி மிச்சத்தை வாங்கிக்கொண்டார். "அடுத்த கொடைக்கும் நீதான் பாத்துத் தரணும். ஆனா இந்தத் தடவ பாத்துத் தரணும், என்ன?" என்றார். நல்லதாக இருந்த அந்தப் பழைய 63 வோல்ட் ஃபில்டரே மறுபடி உள்ளே போயிருக்கிறது. இதை எழுதும் வரை ஓடுகிறது.

நண்பர்களே, மாற்றுவதற்கு யாராலும் முடியும். ஏன் மாற்றுகிறோம் என்று சொல்வதற்குத்தான் படித்தவன் வேண்டும். அடுத்த தடவை அயர்னைச் சூடாக்கும் முன் மீட்டரைக் கையில் எடுப்போம். மீட்டரை எடுக்கும் முன் செட்டுக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்போம். இனியாவது கண்டன்சர் மேல் பொய் வழக்குப் போடாதிருப்போம்!

பழுதுப் பெட்டிக்குக் கெட்ட கண்டன்சர் தர விரும்புவோர் யூனியன் அறையில் கொடுக்கலாம். நல்லது வேண்டாம், நல்லது நம்மிடம் நிறைய இருக்கிறது!